கடக ராசிக்கு நாலு புளியங்கொட்டை

போன வாரம் ஒரு போன் வந்தது. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐயா பெயரில் அரங்கம் கட்டித் திறக்கப்போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலர் போடுகிறார்கள். அவருடைய இயற்பியலைப் பற்றி எழுத எத்தனையோ நாடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், கடைசிக் காலத்தில் சொந்த ஊரில் எப்படி இருந்தார் என்று சொல்லத்தான் யாரும் அகப்படவில்லை என்றாள் போனில் பேசிய பெண். "சிரிப்பா ஏதாவது சொல்லுங்க மேடம். ரொம்ப விளையாட்டுக்காரராமே?"

விளையாட்டுக்காரர்தான். செருப்புக் கதையைச் சொன்னேன், புரோட்டாக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு, அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வருகிறவரைக்கும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. அது ஐயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. விருதுநகர் போகச் சொன்னால் சாத்தூர் வழியாகப் போகிற ஆள் நான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். தினசரி காலண்டரில் தாளுக்குத் தாள் மாறுகிற சங்கதிகள் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு வார்த்தைப் பலன். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ். எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால்கூட அது என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

அச்சகத்துக்கு ஒரு வாசனை உண்டு. மை, மண்ணெண்ணெய், புதுத்தாள், பைண்டிங் பசை எல்லாம் கலந்த வாசனை. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாடை அடித்தால் எனக்கு ஐயா முகம்தான் வருகிறது. அவர் எங்கள் முதலாளியின் அண்ணன். தம்பி தொழிலைப் பிடித்துக்கொண்டார், அண்ணன் படிப்பைப் பிடித்துக்கொண்டு சீமைக்குப் போனார். அங்கே அவர் பெயரை முன்னால் ஒட்டி ஒரு சமன்பாடே இருக்கிறதாம். தற்செயலாக நடக்கிற காரியங்களுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்பதைப் பற்றியதாம். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, அவர் விளக்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவைப்பேன். மனைவி இறந்த பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். மத்தியானம் சாப்பிட்டதும் அச்சகத்துக்கு வந்துவிடுவார், கழிவுத்தாளுக்காக.

கலர் சரியாக விழாத சாமி படங்கள் மூலையில் மலைபோல் கிடக்கும். முகம் இரண்டாகத் தெரிகிற முருகன், மூக்குக்குப் பக்கத்தில் மூக்குத்தி விழுந்த லட்சுமி. பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் ஐயா கணக்குப் போடுவார். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் பேசும்போது குறிப்புத் தாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பெரிய மூளைகளுக்கும் பழனி ஆண்டவர் தரிசனம் கிடைத்துவிட்டது. "ஒருத்தனும் கேள்வி கேக்கல தாயி, எல்லாம் கும்புட்ட மாதிரி உக்காந்துருந்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

செருப்புக் கதை இதுதான். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு காலில் கறுப்பும் மறுகாலில் பழுப்புமாகச் செருப்பு போட்டு வந்தார். எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று பார்க்கும் சோதனையாம். மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரின் பெயரையும் பத்திரிகைக்குப் பின்னால் குறித்துக்கொண்டார். நாலாவதாகக் கவனித்தவன் பழுப்புச் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐயா ஒற்றைச் செருப்போடு நடந்தே வீட்டுக்குப் போனார், ரொம்பச் சந்தோஷமாக. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை அடுக்கடுக்காகப் பிரித்து எண்ணி, சால்னா ஆறிப்போய், மாஸ்டரிடம் வசவு வாங்கிய கதையும் இதே ரகம்தான்.

நாலு மணி டீக்கு அச்சகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், சிமெண்டுத் தரையில் ஒரு பாம்பு மாத்திரையைக் கொளுத்துவார். தினமும் ஒன்று. அது புகைந்து கறுப்பாக நெளிந்து நெளிந்து வெளியே வருவதைக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நாடு மதிக்கிற மனிதர். "மத்த வெடியெல்லாம் கத்திட்டுச் செத்துப்போகுது தாயி. இது ஒண்ணுதான் எங்கன போகலாம்னு ரோசிச்சு ரோசிச்சுப் போகுது" என்பார். எங்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் ஓய்வு. பைண்டிங் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

புளியங்கொட்டைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆடிப்பெருக்கன்றே தொடங்கிவிடும். அன்றைக்கு மாதிரிப் படங்கள் ஒட்டிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு மூச்சுவிட நேரமில்லை. அந்த வருஷம் ராசிபலன் எழுதிக் கொடுக்கிற ஜோசியர் வரப்போகிற வருஷத்து ஆகஸ்ட் மாதம்வரைக்கும் எழுதி அனுப்பிவிட்டுக் கை கால் விழுந்து படுத்துவிட்டார். செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை பன்னிரண்டு ராசிக்கும் காலி. ஆர்டர் நெருக்குகிறது. முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "போன வருசத்துத எடுத்து முன்னப்பின்ன மாத்திப் போட்டுரும்மா. எவன் பாக்கப் போறான்?"

ஐயா பக்கத்தில் முருகனின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தம்பி போகட்டும் என்று காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். "மனுசக் கை மாத்துனா அதுல ஒரு சாய்வு இருக்கும் தாயி. ஒனக்குப் பிடிச்ச ராசிக்கு நல்லதாப் போட்ருவ. அது மோசடி. நாம நேர்மையாப் போடுவோம்" என்றார். கண்ணில் ஒரு மின்னல். மறுநாள் நாலு புளியங்கொட்டை கொண்டுவந்தார். தரையில் உரசி ஒரு பக்கத்தை வெள்ளையாக்கியிருந்தார். எது எதுவென்று தெரிய, நாலுக்கும் நாலு கலரில் அச்சுமைப் பொட்டு. நாலு கொட்டை எறிந்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பதினாறு விதமாக விழும். பதினாறுக்கும் பதினாறு வார்த்தை. சுகம், லாபம், வரவு, நட்பு, உயர்வு என்று பத்து நல்ல வார்த்தை. தடை, பகை, கவலை, அலைச்சல் என்று ஆறு கெட்ட வார்த்தை. சிவப்புப் பொட்டுக் கொட்டை மட்டும் பாரபட்சம் பார்க்கிறது என்று சந்தேகப்பட்டு, அதைத் தனியாக இருநூறு தடவை எறிந்து பார்த்து, குற்றம் உறுதியானதும் ஜன்னல் வழியாக வீசிவிட்டு வேறு கொட்டை உரசினார்.

மூன்று மத்தியானம். அவர் எறிவார், விழுந்ததைச் சொல்வார், நான் அடிப்பேன். இரண்டாம் நாள் அவரைப் பார்க்க வடக்கிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். தரையில் சம்மணம் போட்டுப் புளியங்கொட்டை எறிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், முக்கியமான கணக்கு ஒன்று ஓடுகிறது, அரைமணி நேரம் உட்காருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அவர்களும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலண்டர் அச்சாகி, ஊர் ஊருக்குப் போய், எங்கள் வீட்டுச் சுவருக்கும் வந்தது. நானே கொண்டுவந்து மாட்டினேன். வீட்டில் நான், அண்ணன், மதினி மூன்று பேர். அண்ணன் லோடு லாரி ஓட்டினார், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். சுந்தரி மதினி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஆமத்தூர் முக்கில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். அவள்தான் என்னைப் படிக்கவைக்கச் சொல்லி அண்ணனிடம் சண்டை போட்டவள். எனக்குத் தாயில்லாத குறை தெரியாமல் வைத்திருந்தவள்.

மதினிக்கு ஒரு பழக்கம். காலையில் தலையை முடிந்துகொண்டே காலண்டர் முன்னால் வருவாள். நேற்றைய தாளைக் கிழிப்பாள். கடகத்துக்கு என்ன வார்த்தை என்று பார்ப்பாள். கெட்ட வார்த்தை விழுந்தால் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டாள். அவ்வளவுதான், பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பக்கத்தில் அவள் மட்டும் அப்படியில்லை. வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் முடியும்வரை எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் கடகத்துக்குப் "பகை" வந்தது. மதினி சேலை மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வாய்வரை வந்தது, மதினி, அது புளியங்கொட்டை என்று. சொன்னால் முதலாளி காதுக்குப் போகும், வேலை போகும் என்று விழுங்கிவிட்டேன்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் எறிஞ்ச கொட்டைக்கு ஆமத்தூர்ல ஒரு பொம்பள லீவு போட்டுருக்காளா? எம் ஆராய்ச்சிப் பேப்பர உள்ளூர்ல ஒருத்தன் வாசிச்சதில்ல தாயி!" அதிலிருந்து தினமும் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்குக் கடகம் வேலைக்குப் போயிருக்கா, வீட்டுல இருக்கா?" என்பதுதான். போயிருக்காங்க ஐயா என்பேன். இருக்காங்க ஐயா என்பேன். அவரும் நானும் சிரித்துக்கொள்வோம். கெட்ட எண்ணம் துளிகூட இல்லாத சிரிப்பு.

தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். கடகத்துக்கு அடுத்தடுத்து மூன்று கெட்ட நாள் விழுந்தது. நேர்மையாக எறிந்தால் அப்படியும் விழும் என்று ஐயா முன்னமே சொல்லியிருந்தார். மூன்று நாளும் மதினி போகவில்லை. நாலாம் நாள் போனபோது போர்மேன் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். "இன்னொரு லீவு போட்ட, பேக்கிங்ல கெடையாது. மருந்து அடைக்கிற ரூம்ல போயி உக்காரு" என்று. மதினி வீட்டுக்கு வந்து, தூக்குச் சட்டியைக்கூட இறக்கிவைக்காமல் என்னிடம் சொன்னாள். மருந்து ரூம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். அவள் அக்கா உயிர் போனது ஒரு மருந்து ரூமில்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் ஓசூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். மதினி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள், அகப்படவில்லை. வேன் வருகிற நேரம்.

"ஏத்தா, கடகத்துக்கு என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மிதுனம் சுகம். கடகம் தடை.

அந்த வார்த்தை எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பொட்டும் நீலப் பொட்டும் கறுப்பாக விழுந்தால் தடை. அதற்காக இவள் போய் மருந்து ரூமில் உட்கார வேண்டுமா?

"சுகம் மதினி" என்றேன்.

"அப்ப சரி. குழம்பு சட்டியில இருக்கு, சுட வச்சுச் சாப்புடு" என்று சொல்லிவிட்டுத் தூக்குச் சட்டியோடு ஓடினாள்.

பதினொன்றரை மணிவாக்கில் அச்சக ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் சத்தத்தை வைத்தே திசை சொல்வார்கள். மெஷின்மேன் நாரணாபுரம் பக்கம் என்றார். வெடி காயப்போட்டிருந்த களத்தில் தீப்பிடித்திருக்கிறது. வெடித்த நேரத்தில் பேக்கிங் பெண்கள் அந்தக் களத்துக்குத்தான் தட்டு எடுக்கப் போயிருக்கிறார்கள். மருந்து ரூம் களத்துக்கு எதிர்க்கோடியில் இருந்தது. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதினி மறுநாள் மத்தியானம்வரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அண்ணன் காலண்டர் முன்னால் நின்றார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் தாள் கிழிக்கவில்லை. விரலை வைத்து வாசித்தார்.

"ஏத்தா, இங்கன வந்து பாரு. தடைன்னு தெளிவாப் போட்டுருக்கான். இவ மேல மிதுனத்தப் பாத்துருக்கா. கண்ணாடி பெறகு வீட்டுலதான அகப்பட்டுச்சு. அது இல்லாம பாத்துட்டு ஓடிருக்கா, கிறுக்கி."

என் கையில் காப்பித் தம்ளர் இருந்தது. வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். நான் தம்ளரை அவர் கையில் கொடுத்தேன். அண்ணன் அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, லைசென்ஸ் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

ஐயாவிடம் மட்டும் சொன்னேன். அழாமல் சொன்னேன் என்று ஞாபகம். அவர் ஒரு கழிவுத்தாளை இழுத்துத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தார். பதினாறில் ஆறு, ஒரு கம்பெனியில் எத்தனை கடகம், ஒரு சீசனில் எத்தனை நாள் என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு வரி எழுதினார். எனக்கு ஆறுதலாக ஏதோ ஓர் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அஞ்சாவது வரியில் பென்சில் நின்றுவிட்டது.

"அண்ணங்கிட்ட நான் வந்து சொல்லட்டா?"

"வேண்டாங்கய்யா."

"கொட்டைய எறிஞ்சது நானு. மாத்தி வாசிச்சது நீயி. ஆளுக்குப் பாதி வச்சுக்கிடுவோம் தாயி" என்றார்.

அதற்குப் பிறகு நாலு மணிக்குத் தொட்டிப் பக்கம் அவர் போகவில்லை. இரண்டு காலிலும் ஒரே கலர்ச் செருப்பு. கணக்கு மட்டும் போட்டார். பைண்டிங் பெண்கள், ஐயாவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். இரண்டு மழைக்காலம் போனது, அவரும் போனார். பேப்பரில் பெரிய படம் போட்டு எழுதியிருந்தார்கள். அவர் வைத்துக்கொண்ட பாதியும் அன்றைக்கே என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். காலண்டராவது எச்சரித்தது என்கிற ஆறுதலை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பொய். அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயம். கல்யாணமாகி விருதுநகருக்கு வந்த பிறகும் அந்தப் பயம் கூடவே வந்தது. ஒவ்வொரு திவசத்துக்கும் இலையில் சோற்றைப் போட்டுவிட்டு அண்ணன் அதே வார்த்தையைச் சொல்வார், கிறுக்கி, கண்ணாடி இல்லாம பாத்துட்டா என்று. கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு நாளும் ஒரு வரி பிசகாமல் பார்த்தவள் அவள். அவசரக்காரி என்று ஊரே நம்பிவிட்டது.

இப்போது அந்த அச்சகக் கட்டடம் இல்லை. ராசிபலனை ஏதோ ஒரு சாப்ட்வேர் நொடியில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறதாம். ஐயா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆமத்தூர் முக்கில் வேன் மட்டும் நிற்கிறது, ஏறுகிற முகங்கள் எனக்குத் தெரியாதவை.

போன பங்குனியில் அண்ணன் சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு சாயங்காலம் நானும் அவரும் மட்டும். திடீரென்று சிரித்தார்.

"மேல போனதும் மொத வேல, ஒம் மதினிய நாலு வசவு வைஞ்சிரணும். கண்ணாடி போடாம பாப்பியாடீன்னு."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கீகளாண்ணே?" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் போய்விட்டார். இந்நேரம் அவளைத் திட்டியிருப்பார். அன்றைக்கு வாசித்துச் சொன்னது யாரென்று அவளும் சொல்லியிருப்பாள்.